உடைமைக் குறி

ஏரி உறைந்துபோன ஜனவரி, டுலூத் நகரம்.
பக்கத்துக்கு மூன்றரை டாலர் கூலிக்குப்
பிழை திருத்துகிறாள் ஐலி கோர்பெலா.
ஹீட்டரை அறுபதுக்கு மேல் ஏற்றுவதில்லை,
ஏற்றினால் பில்லும் ஏறும்.
விரல்நுனி வெட்டிய கையுறை, சிவப்புப் பேனா,
ஸ்லேட்டர் தெரு 238 என்று முகவரியிட்ட
எரிவாயு பில் உறை.
அதன்மேல்தான் காபிக் கோப்பை வட்டம் வட்டமாய்
உட்கார்ந்து எழுந்திருக்கிறது.

அச்சகத்திலிருந்து வந்திருப்பது
மேற்குக் கரை மறுசீரமைப்பு அறிக்கை.
நூற்றுப் பத்துப் பக்கம், வழவழத் தாள்.
எழுதியவர் மினியாபொலிஸ் ஆலோசகர், பிராண்ட்வோல்ட்.

நாலாம் பக்கத்தில் ‘தி ரிச்’ என்று எழுதி
பின்னால் ‘இஸ்’ போட்டிருக்கிறார்.
‘ஆர்’ என்று மாற்றுகிறாள்.
வெறும் பண்புச் சொல்தான். முன்னால் ஒரு ‘தி’யை
மாட்டிக்கொண்டால் ஆட்களாகிவிடுகிறது,
அதுவும் பலர்பால்.
ஒருமையே கிடையாது அதற்கு.
ஒரே ஒரு பணக்காரரைச் சுட்ட வேண்டுமென்றால்
பெயரைச் சொல்லியாக வேண்டும்.
அறிக்கையில் எங்கும் பெயர்கள் இல்லை.

ஒன்பதில் ‘தி பூர்ஸ்’.
கடைசி எழுத்தை அடிக்கிறாள்.
எத்தனை ஆயிரம் பேரானாலும்
ஏழைகளுக்கு ஆங்கிலம் பன்மை விகுதி தராது.
பணக்காரர்களுக்கும் தராது.
அந்த ஒன்றில் மட்டும் சமத்துவம்.

முப்பத்தொன்றில்
‘ஹேவ்ஸ்’, ‘ஹேவ்-நாட்ஸ்’.
இரண்டிலும் கடைசி எழுத்துக்கு முன்னால்
ஓர் அபாஸ்ட்ரஃபி,
கோட்டு மாட்டாத கொக்கி மாதிரி.
உடைமையைச் சொல்லும் குறி அது,
நம் ஆறாம் வேற்றுமை.
சும்மா பன்மைக்கு எதற்கு?
உள்ளவர்களிடமிருந்து எடுக்கிறாள்.
அவர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.
இல்லாதவர்களிடமிருந்தும் எடுக்கிறாள்.
கை கொஞ்சம் தயங்குகிறது,
ஆனால் விதி விதிதான்.

‘ஹேவ்’.
அந்த வினையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
சிறுவயதில் வீட்டில் பேசிய ஃபின்னிஷில்
அப்படியொரு வினை இல்லை.
அவர்களும் நம்மைப் போலத்தான்:
என்னிடம் ஒரு கோட்டு இருக்கிறது,
என்னிடம் ஒரு வீடு இருக்கிறது.
இருப்பது வீடு, எழுவாய் அதுதான்.
நான் அது வந்து தங்கியிருக்கும் இடம்,
அவ்வளவே.

காபி ஆறிவிட்டது. குடித்துவிடுகிறாள்.

எண்பத்தேழாம் பக்கம்:
இல்லாதவர்கள் வீடுகள்
ஜூன் மாதத்துக்குள் அகற்றப்படும்.
இங்கே வேண்டும் அந்தக் குறி, இங்கே பார்த்துக்
காணோம்.
‘ஹேவ்-நாட்ஸ்’ முடிகிற இடத்தில்,
கடைசி எழுத்துக்கும் வெளியே,
அழுத்திப் போடுகிறாள்.
இல்லாதவர்களின் வீடுகள்.
மை அடுத்த பக்கத்துக்கும் இறங்கிவிட்டது.

பின்னிணைப்பில் வெறும் எண்கள்.
எண்களையும் படிக்கத்தான் மூன்றரை டாலர்.
ஸ்லேட்டர் தெரு 226, 230, 234, 238, 238, 242.
இரண்டு முறை வந்த எண்ணில் ஒன்றை அடிக்கிறாள்.
மற்றது பிழையில்லை.

பத்து நாள் கழித்து இரண்டாம் படி வந்தது.
அவள் திருத்தியது எல்லாவற்றையும்
பிராண்ட்வோல்ட் ஏற்றுக்கொண்டிருந்தார்,
எண்பத்தேழைத் தவிர.
அந்தக் குறியை மட்டும்
நீல மையால் சுழித்து அடித்து,
ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்:
பொருள் புரிகிறதே, இது அவசியமா?

வெளியே பனி வாரும் வண்டி
தெருவின் ஒரு பக்கத்தை மட்டும் வாரிவிட்டுப் போகிறது.
ஐலி பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றுகிறாள்.
அடித்ததை மீட்கும் அச்சக வழக்கப்படி
நீலச் சுழிப்பின் கீழே
ஒன்று, இரண்டு, மூன்று
சிவப்புப் புள்ளிகள்,
ஓரத்தில் ஒரே சொல்:

இருக்கட்டும்.